ஓட்டை விழுந்த காருக்கு வீட்டிலேயே வெல்டிங்... எந்த மெஷின் வாங்கலாம்?

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கினால் தரை தெரிகிறது. காரின் தரை அல்ல, ரோட்டின் தரை! மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி என்று பழைய வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி சகஜம். அப்பா வாங்கிய முதல் கார், மாமா ஓட்டிப் பழகிய கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். இன்ஜின் இன்றைக்கும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். தகடு மட்டும் அப்பளம்போல் உதிரும்.

காரணம் எளிது. மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறுகிறோம். மேட்டுக்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டும் பஞ்சும் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் பல, வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே துருவேறிக்கொண்டே இருந்தன.

மாருதி 800-ன் உற்பத்தி 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரியில் நின்றது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை 15 வயதைத் தாண்டியவை. சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தரையில் ஓட்டையோடு போனால் ஆய்வாளர் என்ன சொல்வார் என்று யோசிக்கவே தேவையில்லை. அப்போதுதான் வீட்டில் பேச்சு எழும்... 'ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி நாமே ஒட்டிக்கொண்டால் என்ன?'

ஒட்டலாம். ஆனால், அது எந்த மெஷின், எந்த இடத்தில் ஒட்டலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் தெரிய வேண்டும். முதல் கேள்வியில் தவறினால் பணம் போகும். இரண்டாவதில் தவறினால் உயிருக்கே ஆபத்து.

'கேட்டு, கிரில், கார்... எல்லாத்துக்கும் ஆகும்!'

ஹார்டுவேர் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணே, கார் தகடு ஒட்டணும். எது எடுக்கலாம்?"

"200 ஆம்ப்ஸ் எடுத்துக்கோங்க தம்பி. கேட்டு, கிரில், கார் எல்லாத்துக்கும் ஆகும்."

கடைக்காரர் காட்டுவது சிறிய சூட்கேஸ் அளவுள்ள இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின். ராடு போட்டு ஒட்டும் வகை. விலை குறைவு, தூக்கிச் செல்ல எளிது, சிலிண்டர் வேண்டாம். இரும்பு கேட், ஜன்னல் கிரில், மோட்டார் ஷெட், டிராக்டர் டிரெய்லர் போன்ற வேலைகளுக்கு அது நல்ல மெஷின்தான். கார் தகட்டுக்கு மட்டும் ஆகாது.

ஏன் என்பது தகட்டின் கனத்தில் இருக்கிறது. காரின் வெளிப்புறப் பேனல்களும் தரைத் தகடும் பொதுவாக 0.7 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான். பட்டறைகளில் '12 நம்பர்' என்று சொல்லும் ராடின் கம்பி 2.5 மில்லிமீட்டர். '10 நம்பர்' ராடு 3.15 மில்லிமீட்டர். அதாவது, ஒட்ட வேண்டிய தகட்டைவிட ராடு மூன்று மடங்கு தடிமன். 12 நம்பர் ராடு ஒழுங்காக எரிய வேண்டுமானால் 60 ஆம்ப்ஸாவது வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் 0.8 மில்லிமீட்டர் தகடு வெண்ணெய்போல் உருகி, ஒரு ரூபாய் அளவில் இருந்த ஓட்டை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகிவிடும். 1.6 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் ராடுகளும் கிடைக்கின்றன. கை தேர்ந்தவர்கள் அவற்றைத் தொட்டுத் தொட்டு எடுத்து மெல்லிய தகட்டையும் ஒட்டிவிடுவார்கள். முதல்முறையாக ஹோல்டரைக் கையில் பிடிப்பவருக்கு அது சரிப்படாது.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஆம்ப்ஸ் கார் வேலைக்கு முக்கியமே இல்லை. குறைந்தபட்சம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். 30 ஆம்ப்ஸ் வரை இறங்கி, அங்கேயும் அணையாமல் நிதானமாக எரிகிற மெஷின் வேண்டும். அட்டைப்பெட்டியில் அந்த எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு துண்டுத் தகட்டைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே ஒட்டிக் காட்டச் சொல்வது நல்லது.

டிங்கர் கையிலிருக்கும் கேஸ் வேண்டாமா?

பழைய டிங்கர்கள் ஆக்ஸிஜன் - அசிட்டிலின் கேஸ் வெல்டிங்கில்தான் காருக்குத் தகடு வைத்தார்கள். அழகான வேலை அது. ஆனால், அந்தச் சுடர் தகட்டில் நிறைய இடத்தைச் சூடாக்கும். சூடான தகடு வளையும். வளைந்ததைச் சுத்தியலும் டாலியும் வைத்துத் தட்டித் தட்டி நேராக்குவதுதான் டிங்கரின் உண்மையான வித்தை. வருடக்கணக்கில் பழகினால்தான் அது கை வரும். தவிர, குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அசிட்டிலின் சிலிண்டர் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. அந்த யோசனையை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு வகை டிக் வெல்டிங். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி. தையல் மெஷின் தைத்ததுபோல் அழகான வரி விழும். இணையத்தில் வீடியோ பார்த்து மயங்குபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். சுத்தமான, புதிய இரும்பு கிடைத்தால் டிக் அருமையாக வேலை செய்யும். துருவும் பெயின்டும் பழைய அண்டர்கோட்டும் ஒட்டிக்கிடக்கும் காரின் அடிப்பகுதியில், மல்லாந்து படுத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு அது ஒத்துவராது. வேலை மெதுவாக நடப்பதால் சூடும் பரவும்.

மிஞ்சுவது மிக். நம் ஊர்ப் பட்டறைகளில் 'சி.ஓ.டூ வெல்டிங்' என்று சொல்வது இதைத்தான். உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வெளியே வந்துகொண்டே எரியும். கூடவே வரும் கேஸ், உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கும். விசையை ஒரு விநாடி அழுத்தினால் ஒரு புள்ளி. விட்டுவிட்டால் சூடு நின்றுவிடும். புதியவருக்கு இந்த ஒரு வசதியே போதும். மெல்லிய தகட்டில் முதல்முறை வெல்டிங் செய்பவர் வாங்க வேண்டியது மிக் மெஷின்தான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கேஸா, கேஸ்லெஸ்ஸா?

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். சிறிய மிக் மெஷின்களில் பல 'கேஸ்லெஸ்' என்று விற்கப்படுகின்றன. இவற்றின் கம்பிக்கு உள்ளேயே ஃபிளக்ஸ் பொடி இருக்கும். எரியும்போது அந்தப் பொடி புகையாகிப் பாதுகாப்பு தரும். சிலிண்டர் செலவு மிச்சம். காற்றடிக்கும் மொட்டை மாடியிலும் வேலை செய்யலாம். ஆனால் புகையும் தெறிப்பும் அதிகம், ஒட்டியபின் கசடைத் தட்டி எடுக்க வேண்டும், சூடும் ஒரு படி கூடுதல். 1.2 மில்லிமீட்டருக்கு மேல் பிரச்னை இல்லை. 0.8 மில்லிமீட்டர் தகட்டில் புதியவர் அடிக்கடி ஓட்டை போடுவார்.

எனவே, கேஸ், கேஸ்லெஸ் இரண்டிலும் ஓடும் மெஷினாகப் பார்த்து வாங்குவதே சரி. கேஸ்லெஸ்ஸில் மட்டுமே ஓடும் மெஷின் விலை குறைவு என்று வாங்கினால், பின்னால் கேஸ் குழாயை மாட்ட அதில் இடமே இருக்காது. வாங்கும்போது இன்னொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். கேஸ் வைத்து ஒட்டும்போது டார்ச் பாசிட்டிவ்வில் இருக்க வேண்டும். கேஸ்லெஸ் கம்பிக்கு டார்ச் நெகட்டிவ். இதை மாற்றிக்கொள்ளும் வசதி மெஷினில் இருக்கிறதா? கம்பியை மட்டும் மாற்றிவிட்டு இதை மாற்ற மறந்தவர்கள்தான், 'மெஷின் சரியில்லை, ஒரே தெறிப்பு' என்று கடைக்குத் திரும்பி வருகிறார்கள்.

கம்பி 0.6 மில்லிமீட்டர் கிடைத்தால் கார் தகட்டுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் 0.8 மில்லிமீட்டர். கேஸில், ஆர்கானோடு 20 சதவிகிதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்தது மென்மையாக எரியும். சுத்தமான கார்பன் டை ஆக்ஸைடும் போதும். விலை குறைவு, எளிதில் கிடைக்கும், தெறிப்பு மட்டும் கொஞ்சம் கூடும். 150 பார் அழுத்தத்தில் நிரப்பிய 10 லிட்டர் கலவைச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் கேஸ் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடங்கள். புள்ளி புள்ளியாக ஒட்டும் வேலையில் இது பல வாரங்களுக்கு வரும். சிலிண்டரை நிற்க வைத்து, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் அல்ல.

வெயிலுக்குப் பயந்து பக்கத்தில் டேபிள் ஃபேனை ஓட விடுவது நம் ஊர்ப் பழக்கம். கேஸ் வெல்டிங்கில் அந்தக் காற்று பாதுகாப்பு கேஸைக் கலைத்துவிடும். ஒட்டிய இடம் ஆப்பம்போல் பொத்தல் பொத்தலாக வரும்.

மற்றபடி பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். டிப், நாசில் போன்ற சில்லறைச் சாமான்கள் உள்ளூரிலேயே கிடைக்கிறதா? சர்வீஸ் எங்கே? எர்த் கிளாம்ப் உறுதியாகக் கவ்வுகிறதா? டியூட்டி சைக்கிள் 20 சதவிகிதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்ப்ஸில் பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடம்தான் எரிக்கலாம். 40 ஆம்ப்ஸில் புள்ளி வைப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை.

ஒரே ஒரு ஓட்டைதான் என்றால் மெஷினே வாங்க வேண்டாம். துருவை வெட்டி எடுத்து, தகட்டை அளவாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒட்டுகிற வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்தால் கூலி வெகுவாகக் குறையும். ஹெல்மெட், கையுறை, கிரைண்டிங் மெஷின், சிலிண்டர் டெபாசிட் எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு மெஷின் விலையைத் தாண்டி எங்கேயோ போய்விடும். இரண்டு மூன்று பழைய வண்டிகளை வைத்துப் பராமரிப்பவருக்கும், கற்றுக்கொள்ள ஆசை உள்ளவருக்கும்தான் இது லாபம்.

வீட்டுக் கரன்ட் தாங்குமா?

40 ஆம்ப்ஸில் மிக் மெஷின் சுமார் 16 வோல்ட்டில் எரியும். அதாவது 640 வாட்ஸ். மெஷினின் இழப்பைச் சேர்த்தாலும் ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் அளவுதான். ஒழுங்கான எர்த் உள்ள 15 ஆம்ப் பிளக் தாராளமாகத் தாங்கும். அதே மெஷினை 200 ஆம்ப்ஸில் வைத்தால் வெளியே மட்டும் 4,800 வாட்ஸ். எந்த வீட்டுப் பிளக்கும் தாங்காது. பொருட்காட்சியில் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர், ஸ்பைக் பஸ்டர் இவற்றில் மாட்டக் கூடாது. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் எக்ஸ்டென்ஷன் செய்துகொண்டு, அதைச் சுருட்டி வைக்காமல் முழுதாக விரித்துப் போட வேண்டும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதைப் பொருத்திவிட்டு வெல்டிங் பற்றி யோசிக்கலாம். மழை ஈரத்தில், வெறும் காலோடு, வியர்த்து நனைந்த சட்டையோடு மெஷினைத் தொடவே கூடாது.

காரின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். எங்கோ பம்பரில் மாட்டினால் கரன்ட் பேரிங், ஒயரிங் என்று கிடைத்த வழியில் எல்லாம் ஓடும்.

புகை, நெருப்பு, கண்

தரைத் தகட்டை ஒட்டும்போது மேலே இருப்பவருக்கு நெருப்பு தெரியாது. அது தகட்டின் மறுபக்கத்தில் பிடிக்கும். கார்ப்பெட், சீட், சத்தத்தைத் தடுக்கும் தார் ஷீட், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி வெளியே போட வேண்டும். பெட்ரோல் டேங்க்கும் குழாயும் வேலை நடக்கும் பக்கம் இருந்தால், அவற்றையும் இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எல்.பி.ஜி. மாட்டிய ஆம்னியை வீட்டில் ஒட்டும் எண்ணமே வேண்டாம். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் சாப்பிடப் போய்விடாமல், அரை மணி நேரமாவது வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும்.

லுங்கியும் ரப்பர் செருப்பும் கோடைக்குச் சுகம்தான். ஆனால், ஒரு பொறி கால்விரல் இடுக்கில் விழுந்தால் போதும், டார்ச் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. காட்டன் பேன்ட், முழுக்கைக் காட்டன் சட்டை, தோல் ஷூ, தோல் கையுறை. நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. தானாகக் கறுக்கும் கண்ணாடி வைத்த ஹெல்மெட், ஷேடு 9 முதல் 13 வரை மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால் நல்லது. கறுப்புக் கூலிங்கிளாஸ் இதற்கு மாற்றாகாது. வெல்டிங் ஒளியை நேரே பார்த்தவருக்கு அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு இரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். உருளைக்கிழங்குத் துண்டு, தாய்ப்பால் என்று பட்டறைகளில் பல வைத்தியங்கள் சொல்வார்கள். கண் மருத்துவரிடம் போவதுதான் வைத்தியம். தாத்தாவோ அப்பாவோ செய்யும் வேலையை வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்காது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிகூடக் கண்ணைப் பாதிக்கும். வேலை நடக்கும்போது குழந்தைகள் வீட்டுக்குள், கதவு சாத்தி இருக்கட்டும்.

தகடு வாங்கும்போது ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. ஷீட்டைக் கொடுப்பார்கள். மேலே துத்தநாகம் பூசியது அது. ஒட்டும்போது வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வந்து படுத்தும். பால் குடித்தால், வெல்லம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது காலம்காலமாகச் சொல்லும் நம்பிக்கை. பாலுக்கும் வெல்லத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது. 20 கேஜ் சி.ஆர். ஷீட் என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. குளோரின் சேர்ந்த கிரீஸ் நீக்கும் ஸ்ப்ரேக்களை வைத்துத் தகட்டைத் துடைக்கவும் கூடாது. வெல்டிங் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

தொடக் கூடாத இடங்கள்

மாருதி 800 போன்ற கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் தனி சேஸிஸ் கிடையாது. தகட்டுப் பெட்டிகளே வண்டியைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில், சஸ்பென்ஷன் மாட்டும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் பகுதி, சீட் பெல்ட்டும் சீட்டும் போல்ட் போட்டிருக்கும் இடம், கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண் இவையெல்லாம் புதியவர் கை வைக்கும் இடங்கள் அல்ல. அங்கே ஓட்டை இருந்தால் அனுபவமுள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். புதிய கார்களின் தூண்களில் அதிக வலிமையுள்ள எஃகு இருக்கிறது. சாதாரண வெல்டிங் சூடு பட்டாலே அதன் வலிமை போய்விடும். புதியவருக்கு ஏற்றவை தரையின் நடுப்பகுதி, டிக்கித் தரை, மட்கார்டின் ஓரம், கதவின் அடிப்பகுதி. இதற்கே மாதக்கணக்கில் வேலை இருக்கும்.

பழகுவதற்குச் சொந்தக் கார் வேண்டாம். சென்னை என்றால் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடை. அங்கே நசுங்கிய கார் கதவு ஒன்றை எடை போட்டு வாங்கி வரலாம். அதே கனம், அதே பெயின்ட், அதே துரு. அதில் இரண்டு துண்டுகளை வெட்டி, மேல் துண்டில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையை வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். ஆறியதும் உளியை இடையில் விட்டுப் பிரித்துப் பார்க்கலாம். ஒட்டு அப்படியே கழன்று வந்தால் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது. தகடு கிழிந்து, ஒட்டு பொத்தான்போல் அதிலேயே நின்றால் பாஸ். பத்துக்குப் பத்து இப்படி வரும்வரை காரைத் தொட வேண்டாம். எரியும் சத்தமும் ஒரு வழிகாட்டி. கொதிக்கும் எண்ணெயில் வடை பொரிவதுபோல் ஒரே சீராகக் கேட்டால் செட்டிங் சரி. 'டப் டப்' என்று கம்பி டார்ச்சைப் பின்னால் தள்ளினால் கம்பியின் வேகம் அதிகம்.

காரில் ஒட்டும்போது துருவைத் தாண்டி, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்ட வேண்டும். துருவின் மேல் வெல்டிங் நிற்காது. புதுத் துண்டை வைத்து முதலில் நான்கு மூலைகளில் ஒவ்வொரு புள்ளி. பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. பிறகு அவற்றுக்கு நடுவில். இப்படி இடம் மாறி மாறி வைத்துக்கொண்டே போனால், கடைசியில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகும். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு சுருண்டு கிண்ணமாகிவிடும். கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கிரைண்டிங் செய்யும் முன் காரின் எல்லாக் கண்ணாடிகளையும் தடித்த துணியால் மூடிவிட வேண்டும். பொறி பட்டால் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகப் பதிந்துவிடும், பிறகு துடைத்தாலும் போகாது.

ஒட்டிய இடத்தை அன்றே துத்தநாக பிரைமர் அடித்து மூட வேண்டும். வெறும் இரும்பு ஒரு ராத்திரி மழைக்காற்றுக்கே சிவக்கத் தொடங்கிவிடும். மேல், கீழ் இரண்டு பக்கமும் இணைப்புகளில் சீலன்ட், அதற்கு மேல் பெயின்ட், அடியில் அண்டர்கோட். தகட்டுப் பெட்டிகளின் உள்ளே கை போகாது. அங்கே நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரேயால் மெழுகு அடிக்க வேண்டும். தரையிலும் கதவின் அடியிலும் கம்பெனியே தண்ணீர் வடிவதற்காக வைத்த சிறு துளைகள் இருக்கும். உற்சாகத்தில் அவற்றையும் ஓட்டை என்று நினைத்துச் சீலன்ட்டால் அடைத்துவிட்டால், அடுத்த மழையில் தண்ணீர் உள்ளேயே தேங்கி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய ஓட்டை விழும்.